மாரடைப்பு வந்தவரின் உறவு வட்டத்தையும் மருத்துவமனை அளக்க வேண்டுமா?

மலர்விழி (இதயப் பிரிவு செவிலியர்):
இதய இரத்தக் குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, எக்கோ முடிவு எல்லாம் எழுதித் தருகிறோம். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. உறவு வட்டத்தை அளக்கும் லப்பன் அளவுகோலில் ஆறே கேள்விகள். மாதம் ஒருமுறையாவது பார்க்கும் அல்லது பேசும் உறவினர் எத்தனை பேர்? மனம்விட்டுப் பேச எத்தனை பேர்? உதவிக்குக் கூப்பிட எத்தனை பேர்? நண்பர்களைப் பற்றியும் இதே மூன்று. மொத்த மதிப்பெண் 30, அது 12-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டியவர். கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் சுமார் 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வாளர்கள் பெர்க்மனும் சைமும் 1979-லேயே சொல்லிவிட்டார்கள்: உறவுகள் மிகக் குறைந்தவர்களிடையே இறப்பு இரு மடங்குக்கும் மேல். இந்தக் கேள்விகளை டிஸ்சார்ஜ் தாளில் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

இளம்பரிதி:
அம்மா, தனியாக இருப்பவர் அதிகம் புகைக்கிறார், குறைவாக நடக்கிறார், மாத்திரையை மறக்கிறார். எது காரணம், எது கூடவே வருவது? அதைத்தான் அமெரிக்காவில் என்ரிச்ட் ஆய்வு சோதித்தது. மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வோ ஆதரவுக் குறைவோ இருந்த 2,481 பேரில் பாதிப் பேருக்கு உளவியல் சிகிச்சை அளித்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. மனச்சோர்வு குறைந்தது, ஆதரவு கூடியது. இறப்பும் மறு மாரடைப்பும் இரு பக்கமும் ஒரே அளவு. இதோடு, மாரடைப்பு வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்த 1988-இன் ஐசிஸ்-2 ஆய்வை வைத்துப் பாருங்கள். ஆஸ்பிரினும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்து ஐந்து வாரத்தில் இறப்பை 42 சதவீதம் குறைத்தன. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்த ஸ்டெமி (குழாய் முழுதும் அடைபடும் கடும் மாரடைப்பு) திட்டத்தில் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. உயிரைக் காத்தவை மருந்தும் ஆம்புலன்ஸும், இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேபும்தான். செவிலியரின் நேரம் அங்கே போகட்டும்.

மலர்விழி:
ஐயா, என்ரிச்டில் சிகிச்சை பெறாத பாதியினருக்கும் ஆதரவு ஓரளவு கூடியது. இரு பக்கத்துக்கும் இடைவெளி சிறியது. அதை வைத்து உறவுக்கு மதிப்பில்லை என்று எப்படித் தீர்ப்பு எழுதுகிறீர்கள்? பிரிட்டனில் 4.79 லட்சம் பேரின் தரவு 2018-இல் வெளிவந்தது. புகை, பிரஷர், வருமானம் எல்லாவற்றின் பங்கையும் கழித்தபோது தனிமைக்கும் முதல் மாரடைப்புக்கும் இருந்த தொடர்பு பெரும்பாலும் கரைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களில், தனித்திருந்தோரின் இறப்பு அபாயம் அப்போதும் சுமார் 25 சதவீதம் கூடுதல். என் வார்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். இரத்தம் உறையாமல் காக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரையை இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டாமா?

தாமிரபரணி:
இரண்டு பேரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு லப்பன் கணக்கில் முப்பதுக்கு முப்பது கிடைத்திருக்கும். இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு அடைத்தபோது சுற்றி நாங்கள் ஆறு பேர். வாயு என்று பெரியம்மா சொன்னார், ஓமத் தண்ணீர் கொடுத்தோம், முதுகை நீவினோம், விடியட்டும் என்றோம். அதிகாலையில் பால் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "வியர்வையைப் பாருங்கள், உடனே கிளம்புங்கள்" என்றார். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பக்கவாதத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் ஆய்வாளர் அமர் தண்டின் குழு 175 நோயாளிகளிடம் உங்களுக்கு யார் யார், அவர்களுக்குள் யாருக்கு யாரைத் தெரியும் என்று கேட்டு வலைப்படம் வரைந்தது. ஒருவரையொருவர் நன்கு அறிந்த சிறிய, நெருக்கமான வட்டம் உள்ளவர்கள்தான் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தார்கள் என்று 2019-இல் எழுதினார்கள். வட்டம் முழுக்க ஒரே குரலில் "பார்க்கலாம்" என்கிறது. மாரடைப்பிலும் நேரம் போனால் இதயத் தசை போகிறது.

இளம்பரிதி:
உங்கள் அப்பாவின் நிலை வருத்தமளிக்கிறது. ஆனால் என் ஐயம் வலுக்கிறது. அந்த ஆறு கேள்வியில் சிக்காததைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். அளக்கும் கருவியும் உறுதியானதல்ல. முக்கிய விஷயங்களை யாரோடு பேசுவீர்கள் என்று அமெரிக்கர்களிடம் 1985-இல் கேட்டபோது சராசரி மூன்று பேர், 2004-இல் இரண்டு. நாடே தனிமையில் விழுந்துவிட்டது என்று பேச்சு எழுந்தது. பிறகு ஆராய்ந்தவர்கள், அந்த வீழ்ச்சியில் கேள்வி கேட்டவர்களின் பங்கு பெரியது என்று காட்டினார்கள். சிலர் பெயர்களைத் துருவிக் கேட்கவே இல்லை. பரபரப்பான வார்டில் என்ன நடக்கும்?

மலர்விழி:
அதற்காகக் கேட்காமல் விடச் சொல்கிறீர்களா? கைப்பட்டை சரியில்லை என்றால் பிரஷர் பார்ப்பதை நிறுத்தமாட்டோம், பட்டையை மாற்றுவோம். தாமிரபரணி சொன்னதை ஏற்று இரண்டு கேள்வி கூட்டுகிறேன். நெஞ்சு வலித்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அவர் 108-ஐக் கூப்பிடுவாரா, பொறுக்கச் சொல்வாரா? பதில் இரண்டாவது என்றால் அந்த நபரை டிஸ்சார்ஜ் அன்று வரவழைத்து அவருக்கே சொல்லித் தருவோம்.

இளம்பரிதி:
அந்த இரண்டு கேள்விக்கு என் எதிர்ப்பு குறைவு. ஆனால் பாதி வார்டுகளில் கேட்டு, பாதியில் கேட்காமல், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு வரும் நேரத்தை ஓராண்டு ஒப்பிடுங்கள். குறைந்தால் நானே எல்லா மருத்துவமனைக்கும் பரிந்துரைப்பேன். அதற்குமுன் தாளில் நிரந்தரமாக அச்சிட வேண்டாம்.

தாமிரபரணி:
அந்த ஒப்பீட்டில், உடன் வந்தவர் உறவா, பக்கத்து வீடா, வேறு யாராவதா என்றும் ஒரு கட்டம் போடுங்கள்.