1937 பேட்டர்ன் பெல்ட்: பழைய தறியில் நெய்தால்தான் சரியாக வருமா?

காக்கிப்பிரியன்:
இரண்டாம் உலகப்போர் காலத்துப் பிரிட்டிஷ் காலாட்படை வீரரின் உடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன். அசல் 1937 பேட்டர்ன் பெல்ட் (அந்த ஆண்டின் பெயரால் அழைக்கப்படும் ராணுவ மாதிரியில் நெய்த பருத்திப் பட்டை) ஒன்று இருக்கிறது, ஆனால் அதை மாட்டிக்கொண்டு மண்ணில் புரள மனசு வரவில்லை. அதனால் புதிதாக நெய்த ஒன்றை வாங்கினேன். அகலம் அதே 2¼ அங்குலம், பித்தளைக் கொக்கிகளும் கச்சிதம். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பழைய தறியில் நெய்ததை வாங்கு என்கிறார்கள். ஒரே பருத்தி நூல்தானே, தறி மாறினால் என்ன மாறிவிடும்?

தறிமேடை:
ஓரத்தைப் பாருங்கள். பட்டை நெசவில்தான் எனக்குப் பிழைப்பு, நான் முதலில் பார்ப்பதே ஓரத்தைத்தான். பழைய ஷட்டில் தறியில் ஒவ்வொரு பட்டைக்கும் தனியாக ஒரு சின்ன நாடா (ஷட்டில்) உண்டு, அது ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும், அதனால் இரண்டு கரையிலும் நூல் ஒரே மாதிரி மடங்கியிருக்கும். இன்றைய ஊசித் தறியில் நாடாவே கிடையாது. வளைந்த ஊசி ஒன்று ஒரு பக்கத்திலிருந்து நூலை நுழைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடும், எதிர்ப்பக்கத்தில் அதைக் கொக்கி ஊசி பின்னிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஒரு கரை சாதாரணமாகவும் மறுகரை சடை பின்னியது போலவும் இருக்கும். ஊடையும் இரட்டை இரட்டையாக விழும். நகத்தால் வருடினாலே தெரிந்துவிடும்.

வேகத்தில் ஷட்டில் தறி ஊசித் தறிக்குக் கிட்டக்கூட வராது. நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தார் சின்னது, நூல் தீரத் தீரத் தறியை நிறுத்தி மாற்ற வேண்டும். உதிரி பாகமும் கடையில் கிடைக்காது, இன்னொரு பழைய தறியிலிருந்து கழற்ற வேண்டும், இல்லை கடைந்து செய்ய வேண்டும். விலை ஏறுவது அதனால்தான், ஏமாற்று இல்லை.

பழையபட்டை:
பெல்ட்டோடு தோளில் மாட்டும் பட்டையையும் பாருங்க. நல்ல அசலில் தோளில் 2 அங்குலமாக இருக்கும் பட்டை முனையில் 1 அங்குலமாகக் குறுகும், அதைத் தையலே இல்லாமல் தறியிலேயே குறுக்கி நெய்திருப்பார்கள். போர்க்காலத்தில் தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததும் உண்டு, அதனால் தையல் இருந்தாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீங்க. இந்த மாதிரி நெசவு எவ்வளவு மெதுவானது என்பதற்கு முதல் உலகப்போர் தொடங்கிய 1914 ஒன்றே போதும். அப்போது 1908 பேட்டர்ன் பட்டைகள்தான் வழக்கில் இருந்தன. படையில் புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்கு ஈடுகொடுத்து நெய்ய முடியாமல்தான் அவசர அவசரமாகத் தோலில் 1914 பேட்டர்னைக் கொண்டுவந்தார்கள்.

காக்கிப்பிரியன்:
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புதியதில் ஒரு கரை முழுக்கச் சங்கிலி போல் பின்னல், அசலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. இத்தனை நாள் கண்ணில் பட்டும் புரியாமல் இருந்தது இதுதான்! அப்புறம் புதியதில் லேசான பளபளப்பும் இருக்கிறது.

தறிமேடை:
அப்படியானால் செயற்கை இழை கலந்திருக்கலாம். வெட்டு முனையிலிருந்து ஓர் இழையை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

பழையபட்டை:
இன்னொன்று. ஷட்டில் தறியில் நெய்தது வாங்கினால், உள்பக்கம் அழியாத மையில் நெய்த ஆண்டைக் குறித்து வையுங்க. பத்து வருஷம் வெயிலில் வெளுத்தபிறகு அது உங்கள் கையை விட்டுப் போனால், வாங்குகிறவர் அசல் என்றே நம்பிவிடுவார்.