தாத்தா வீட்டுக் குழு: சனிக்கிழமை இரவு

செல்வி அத்தை 8:12
நாளை ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வேதாகமத்தில் 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம். அமலேக்கியர் என்ற இனத்தாரில் பெண்கள், குழந்தைகள், கழுதை வரைக்கும் ஒன்றையும் உயிரோடு விடாதே என்று இஸ்ரவேல் ராஜா சவுலுக்குக் கர்த்தரின் கட்டளை. போன வாரம்தான் "பழிவாங்குதல் எனக்குரியது" மனப்பாட வசனம் கொடுத்தேன். நாலாம் வகுப்புப் பையன்கள் என்னை விடுவார்களா?

பெரியப்பா 8:15
இதில் என்ன குழப்பம்? இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வரும் வழியில் ரெவிதீம் என்ற இடத்தில் அமலேக்கு வந்து அடித்தான். களைத்துப் பின்தங்கி வந்தவர்களை வெட்டினான் என்று உபாகமம் 25-இல் இருக்கிறது. அதற்குத் தண்டனை. பழி வேறு, நியாயத்தீர்ப்பு வேறு.

ஜோயல் 8:16
நடுவில் சில நூறு வருடம் போய்விட்டது பெரியப்பா. கைக்குழந்தை ரெவிதீமில் என்ன செய்தது?

ரூபா சித்தி 8:19
ஆட்டுச் சத்தத்தோடு நிறுத்திவிடுங்கள் மதினி. எல்லாம் முடித்தேன் என்று சவுல் சொல்லும்போதே பின்னால் மே... மே... அப்போ இது என்ன சத்தம் என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். கீழ்ப்படிதல் பாடம், முடிந்தது 😄

செல்வி அத்தை 8:21
இத்தனை வருடமும் அப்படித்தான் ரூபா. அமலேக்கியரின் ராஜா ஆகாகைச் சாமுவேல் துண்டித்துப் போடுகிற 33ஆம் வசனத்தைப் பிள்ளைகள் முன் வாசித்ததே இல்லை.

ஜோயல் 8:24
அதே புத்தகத்தில் 25ஆம் அதிகாரம் பாருங்கள் அத்தை. நாபால் என்ற பணக்காரன் அவமதித்தான் என்று, பின்னாளில் ராஜாவான தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக் கிளம்புகிறான். நாபாலின் மனைவி அபிகாயில் 200 அப்பம், சமைத்த 5 ஆடு, 200 அத்திப்பழ அடை என்று கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே வருகிறாள். உம் கையால் பழி தீர்க்க வேண்டாம் என்கிறாள். நல்லவேளை தடுத்தாய் என்று அவனும் திரும்பிவிடுகிறான்.

ரூபா சித்தி 8:25
புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரியக்காரி!

பெரியப்பா 8:27
அதைத்தான் சொல்கிறேன். சொந்தப் பகைக்கு எடுக்காதே, கர்த்தர் சொன்னால் எடு.

செல்வி அத்தை 8:28
பக்கத்து வீட்டுச் சுவர் கேஸ் எந்தக் கணக்கு அண்ணன்?

பெரியப்பா 8:28
அது சொத்து விவகாரம்.

ஜோயல் 8:32
"சொன்னால்" என்பதுதான் இடிக்கிறது. இஸ்ரவேலின் பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசாவின் கல்வெட்டு பாரிஸ் லூவரில் இருக்கிறது, கி.மு. 9ஆம் நூற்றாண்டு. நேபோ ஊரைப் பிடித்து 7000 பேரைத் தன் தெய்வத்துக்கென்று கொன்றதாக அவனும் பெருமையாக எழுதியிருக்கிறான். கொல்லப்பட்டவர்கள் இஸ்ரவேலர். அதைப் படித்தால் நமக்குக் கோபம் வருகிறது. அப்புறம் 27ஆம் அதிகாரம். அபிகாயில் தடுத்த அதே தாவீது அமலேக்கியர் பக்கம் போய் ஆண், பெண் ஒருவரையும் உயிரோடு விடவில்லை. கர்த்தர் சொன்னதாக அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. அவன் அடைக்கலம் போயிருந்த பெலிஸ்தர் நகரமான காத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

பெரியப்பா 8:41
27 வாசித்தேன். சபை ஐயரிடம் கேட்கிறேன்.

செல்வி அத்தை 8:44
நாளைக்கு 15, 25 இரண்டையும் வாசிக்க வைக்கிறேன். குழந்தைகளை ஏன் என்று கேட்டால் எனக்கும் விளங்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

பெரியப்பா 8:45
டீச்சர் அப்படிச் சொல்லலாமா?

ரூபா சித்தி 8:46
அத்திப்பழ அடைக்கு எங்கே போவது? பேரீச்சம்பழம் போதுமா மதினி?

செல்வி அத்தை 8:47
போதும். 22 பிள்ளைகள். கொட்டை எடுத்ததாகப் பார்த்து வாங்கு.