வாப்பா தம்மாம் திரும்பியதிலிருந்து மகன் சரியில்லை

பரங்கிப்பேட்டை உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகனுக்கு எட்டு வயது. அவன் வாப்பா லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பிப் போனதிலிருந்து ராத்திரி படுக்கையை நனைக்கிறான், அஞ்சு வயதிலேயே நின்றுபோன பழக்கம். மதரஸாவுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிற்றுவலி. வீடியோ கால் வந்தால் போர்வைக்குள் போய்விடுகிறான், அவர் அங்கிருந்து "சலாம் சொல்லுடா" என்று அதட்டுகிறார். மாமியோ "ஆம்பளப் புள்ள அழலாமா, கண்ணேறுதான்" என்கிறார். ஓதித் தண்ணீரும் கொடுத்தாயிற்று. டாக்டரிடம் போனால் ஊரில் ஒரு மாதிரி பேசுவார்களோ?

லால்பேட்டைக்காரன்:
வ அலைக்கும் ஸலாம். என் அத்தா குவைத்தில் இருந்தவர். அழுவோம் என்று எங்களைத் தூங்கவைத்துவிட்டுத்தான் வேன் ஏறுவார், விடிந்து பார்த்தால் கொடியில் அவர் கைலி மட்டும் கிடக்கும், அதுக்கப்புறம் எனக்குத் தூங்கவே பயம். உங்கள் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினாரா? சலாமை அதட்டி வாங்க வேண்டாம். அபூ உமைர் என்ற சிறுவன் விளையாடிய குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அவனிடமே விசாரித்தது புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் நூல்கள் இரண்டிலும் இருக்கிறது. அந்த மாதிரி அவன் சைக்கிளைப் பற்றிக் கேட்கட்டும்.

புதுச்சேரி நர்ஸ்:
ஓதுவதை விட வேண்டாம். ஆனால் நின்ற பழக்கம் திரும்பினால் முதலில் யூரின் டெஸ்ட். கிருமித்தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் எதுவும் இதைச் செய்யும். எல்லாம் சரியாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம், வீட்டிலிருந்தே பேசுவதால் ஊர்ப் பேச்சும் இல்லை. நேரில் என்றால் இங்கே ஜிப்மர் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. நனைந்த பாயைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி காயப்போடாதீர்கள்.

நெல்லிக்குப்பம் லாத்தா:
எல்லாரும் வாப்பாவையே பேசுகிறீர்கள். மதரஸா லீவு நாளில் வலி வருகிறதா? பாடம் ஒப்பிக்கும்போது பிரம்பு எடுக்கிறார்களா? எங்கள் மஹல்லாவில் தாய்மார்கள் சேர்ந்து போய்ப் பேசிய பிறகுதான் பிரம்பு அலமாரிக்குப் போனது. அப்புறம் மாமிக்கு: மகன் இப்ராஹீம் மௌத்தானபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள், யாகூப் நபிக்குப் பிரிந்த மகன் யூசுஃபை நினைத்துத் துக்கத்தில் கண்ணே வெளுத்துப் போனது, குர்ஆனில் யூசுஃப் சூரா 84வது ஆயத்து.

பரங்கிப்பேட்டை உம்மா:
லீவு நாளில் வலி இல்லை, இப்போதுதான் உறைக்கிறது. அவர் சொல்லாமல்தான் கிளம்பினார், சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே. நாளைக்கு யூரின் டெஸ்ட், அப்படியே மதரஸா ஹஜ்ரத்தையும் பார்த்துவிடுகிறேன். மாமியிடம் அந்த ஆயத்தை யார் சொல்வது?