கிராஸ்ஃபிட் பயிற்சியும் தோள்பட்டை வலியும்: தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வி: தரமணிவாசி

வணக்கம். எனக்கு வயது 38. பதினான்கு ஆண்டுகளாக நாற்காலியில் அமர்ந்தே செய்யும் வேலை. மூன்று மாதங்களுக்கு முன்பு வீட்டருகே உள்ள கிராஸ்ஃபிட் பாணிப் பயிற்சிக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். பளுதூக்கலையும் ஜிம்னாஸ்டிக் அசைவுகளையும் கலந்து, வேகமாகச் செய்யும் பயிற்சி இது. வேலைப்பளுவால் வாரத்தில் இரண்டு நாள்தான் செல்ல முடிகிறது. செல்லும் நாள்களில், அன்றைய பயிற்சிக்காகக் கூடத்தின் பலகையில் எழுதியிருக்கும் எடையைக் குறைக்காமல் தூக்கி, குறித்த நேரத்துக்குள் முடித்துவிட முயல்கிறேன். மூன்று வாரங்களாக வலது தோள்பட்டையின் முன்பக்கத்தில் வலி இருக்கிறது. கம்பியைப் பிடித்துத் தொங்கி, உடலை ஊசலாட்டி மேலெழும் கிப்பிங் புல்-அப்பின்போதும், எடைத்தட்டுகள் மாட்டிய பார்பெல் கம்பியைத் தலைக்கு மேல் உயர்த்தும்போதும் அது கூடுகிறது. பயிற்சியாளர், உடல் பழகும்வரை இப்படித்தான் இருக்கும் என்கிறார். என் மைத்துனரோ, அமெரிக்காவில் ஓர் ஆய்வில் 16 சதவீதம் பேர் காயத்தால் பாதியில் விலகினார்கள், இன்னோர் ஆய்வில் 73 சதவீதம் பேர் காயமடைந்தார்கள் என்று சொல்லி, உடனே நிறுத்தச் சொல்கிறார். எல்லைக்கோட்டில் இருந்த சர்க்கரை அளவு இந்த மூன்று மாதங்களில் இறங்கியிருப்பதால் விட மனம் வரவில்லை. இந்தப் பயிற்சியே ஆபத்தானதா, நான் செய்யும் முறைதான் தவறா?

பதில்: இயன்முறை மருத்துவர்

உங்கள் மைத்துனர் சொன்ன இரண்டு எண்களையும் முதலில் பார்த்துவிடலாம். 16 சதவீதம் என்பது ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் வந்தது. விலகியவர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள், தாங்கள் காயத்தால் விலகவில்லை என்று பின்னர் தெரிவித்தார்கள். அது நீதிமன்றம் வரை சென்று, 2017இல் அந்த ஆய்வுக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 73 சதவீதம் என்பதும் 2013இல் வந்ததுதான். இணையவழிக் கேள்வித்தாளுக்குப் பதிலளித்த 132 பேரில் 97 பேர், இப்பயிற்சியில் ஈடுபட்ட காலத்தில் ஏதாவது ஒரு காயம் ஏற்பட்டதாகச் சொன்னார்கள். பயிற்சி நேரத்தோடு ஒப்பிட்டால் அது 1000 மணி நேரத்துக்கு 3.1 காயம்தான். 2018இல் 3049 பேரிடம் திரட்டிய தகவலின்படி, கணக்கிடும் முறையைப் பொறுத்து, 1000 மணி நேரத்துக்கு 0.27 முதல் 0.74 வரை. புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு இதே அளவு ஏறத்தாழ 17.8 என்று 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கூறுகிறது. காயத்தால் ஒரேயடியாக விலகிப் போனவர்கள் இத்தகைய கேள்வித்தாள்களைப் பெரும்பாலும் நிரப்ப மாட்டார்கள் என்பதால், குறைந்த எண்களை நான் முழுமையாக நம்புவதில்லை. ஆனாலும் ஓட்டத்தைவிட இது கொடியது என்று சொல்ல இடமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே 2018 ஆய்வில், முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும், வாரத்தில் மூன்று நாளுக்கும் குறைவாக வருபவர்களுக்கும் காய வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வரக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு நாள் வருபவர், ஐந்து நாள் வருபவருக்காக எழுதிய எடையைத் தூக்கக்கூடாது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

தோள்பட்டை மிகுதியாகக் காயமடைவது ஜிம்னாஸ்டிக் அசைவுகளில், கீழ்முதுகு காயமடைவது, தரையில் உள்ள பார்பெல்லை இடுப்பளவுக்குத் தூக்கும் டெட்லிஃப்ட் போன்ற கன எடை தூக்கலில் என்று 2014இல் 386 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. கிப்பிங்கில் உடல் கீழிறங்கும் நொடியில், முழு எடையும் வேகத்தோடு தோள் மூட்டின் மீது விழுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டியவை மூட்டைச் சுற்றியுள்ள சிறிய சுழல்தசைகள். ஊசலாட்டம் இல்லாமல், சீராக ஐந்து புல்-அப் எடுக்க முடியாதவர் கிப்பிங் செய்யவே கூடாது என்பது நல்ல பயிற்சியாளர்கள் பலர் வைத்திருக்கும் வரம்பு. உங்களால் எத்தனை முடியும்?

பதில்: இரு குழந்தைகளின் தாய்

தோள் வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். இரண்டாவது குழந்தை பிறந்து, மூன்றாண்டு இடைவெளிக்குப் பின் பயிற்சிக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே, உடன் இருந்தவர்களின் உற்சாகத்தில் குதித்தெழுந்து செய்யும் புல்-அப் அறுபதுக்கு மேல் எடுத்தேன். மறுநாள் கைகளை நீட்ட முடியவில்லை. வலிதானே என்று டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் முழங்கைக்கு மேல் வீங்கி, சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போன பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றோம். தசை நார்கள் சிதைந்து, அவற்றில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ் என்றார்கள். தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, வழக்கமாக இரத்தத்தில் 200 அளவில் இருக்கும்; எனக்குப் பல பத்தாயிரங்களில் இருந்தது. ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றி, டயாலிசிஸ் இல்லாமல் மீண்டேன். அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இது அரிதாக வருவதுதான். ஆனாலும் நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும் நாளிலும், கடும் வெயிலிலும், காய்ச்சல் விட்ட கையோடும் பலகையில் எழுதியிருப்பதை முழுவதும் செய்துவிடாதீர்கள், சகோதரரே. சிறுநீர் நிறம் மாறினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பதில்: முன்னாள் பயிற்சியாளர்

ஆறு ஆண்டுகள் இவ்வகைக் கூடங்களில் பயிற்சியளித்தேன். தரையிலிருந்து பார்பெல்லைத் தோளுக்கும், பின் தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கை ஒலிம்பிக் பளுதூக்குபவர் ஒருமுறை செய்தால், அடுத்ததற்கு முன் சில நிமிடம் ஓய்வெடுப்பார், ஏனென்றால் அது களைப்பில் செய்யத் தகாத நுட்பமான அசைவு. இங்கே 'கிரேஸ்' என்ற பெயரில் அதையே ஆண்கள் 61 கிலோ எடையோடு முப்பது முறை, கடிகாரத்துக்கு எதிராகச் செய்கிறார்கள். இருபதாவது முறையில் முதுகு வளைவதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். தவறு எடையிலோ கடிகாரத்திலோ தனித்தனியாக இல்லை. அசைவு இன்னும் கைவராத ஒருவர் அவை இரண்டையும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளும்போதுதான் காயம் வருகிறது. அந்த 2014 ஆய்விலேயே, பயிற்சியாளர் அசைவைத் திருத்தும் இடங்களில் காயம் குறைவாக இருந்தது. பதினைந்து பேர் கொண்ட வகுப்பில் ஒருவரை நிறுத்தி, எடையைக் கழற்றச் சொல்லும் பயிற்சியாளருக்கு வருத்தப்பட்ட முகங்களே பரிசாகக் கிடைக்கும். நானே சில நாள்களில் அதைத் தவிர்த்துவிட்டு ஊக்கக் குரல் மட்டும் கொடுத்திருக்கிறேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மூன்று வாரமாக ஒரே இடத்தில், ஒரே அசைவில் கூடும் வலியைப் பழகும் வலி என்று சொல்லக்கூடாது. பழகும் வலி இரண்டு மூன்று நாளில் தணியும், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். உங்கள் பயிற்சியாளரிடம் கிப்பிங்குக்குப் பதிலாக, கால்களைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தபடி தொங்கும் வளையங்களைப் பிடித்து இழுக்கும் ரிங் ரோ வேண்டும் என்று கேளுங்கள். மறுப்பின்றி மாற்றித் தருகிறாரா என்பதை வைத்து அந்தக் கூடத்தில் நீடிப்பதா என்று முடிவு செய்யலாம்.

தரமணிவாசி

அனைவருக்கும் நன்றி. சீரான புல்-அப் எத்தனை முடியும் என்று கேட்டிருந்தீர்கள். இன்று காலை பார்த்தேன், ஒன்றுகூட முழுமையாக வரவில்லை. கிப்பிங்கில் மட்டும் பன்னிரண்டு வரை எடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளரிடம் பேசியதில், ரிங் ரோவுக்கு உடனே ஒப்புக்கொண்டார். தலைக்கு மேல் தூக்குவதையும் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. இதற்கும் ஓய்வு போதுமா?

பதில்: இயன்முறை மருத்துவர்

போதாது. தூக்கத்தைக் கலைக்கும் தோள் வலி இருந்தால் சுழல்தசைகளை நேரில் சோதிக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தும்போது வலுக்குறைவு தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். இந்த வாரத்துக்குள் எலும்பு, மூட்டு மருத்துவர் ஒருவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். அதுவரை குந்துதல், நடை, மிதிவண்டி ஆகியவற்றைத் தாராளமாகத் தொடரலாம். சர்க்கரை அளவு இறங்கியதற்கு உதவிய உடற்பயிற்சி அவற்றிலும் உண்டு.