புதுப்பிப்பு: உளியின் குறை பின்புறத்தில் இருந்தது

எவ்வளவு தீட்டினாலும் என் அரை அங்குல உளி தேக்கை நார்நாராகக் கிழிக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. உளியின் தட்டையான பின்புறம் முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, 1000 எண் தீட்டுக்கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) நான்கைந்து முறை தேய்த்துப் பார்த்தபோது, வெட்டு முனையை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு மை அழியாமல் அப்படியே நின்றது. நடுவில் குழிந்துபோன கல்லிலேயே நெடுநாள் தேய்த்ததால், பின்புறம் முனையருகே வளைந்திருக்கிறது.

கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி முதலில் கல்லைச் சமப்படுத்தினேன். பிறகு பின்புறத்தை மை முழுவதும் அழியும்வரை தேய்த்து, முன்புறச் சரிவை 25 பாகையிலும் நுனியை மட்டும் 30 பாகையிலும் தீட்டி, முனை நெடுகப் பிசிறு (தீட்டும்போது மறுபக்கம் மடியும் மெல்லிய உலோக விளிம்பு) விரலுக்குத் தட்டுப்பட்ட பின்னரே 6000 எண் கல்லுக்கு மாறினேன். மின்சாணையில் பிடித்தால் வேகமாக முடியும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் முனை சூடேறி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும் என்பதால் தவிர்த்தேன்.

இடக்கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உளியைத் தள்ளும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்: இப்போது மரத்தைக் கவ்வியில் இறுக்கிவிட்டு, இரு கைகளையும் முனைக்குப் பின்னால் வைத்தே செதுக்குகிறேன்.