மானூர் செவக்காட்டில் லெவல் எடுத்தபோது

திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் மானாவாரிப் பிஞ்சைகளில் வரப்பு போட்டு மழைத்தண்ணீரை நிறுத்தும் வேலை. அதற்குக் கான்டூர், அதாவது சமவுயரக் கோடு, எடுக்கப் போயிருந்தேன். கையில் இருந்தது சர்வே ஆஃப் இந்தியாவின் 58 எச்/9 வரைபடத் தாள். 1:50,000 அளவு, 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. மேற்கே மலைச்சரிவுக்கு அது போதும். இந்த மேட்டுக்காட்டில் ஒரு கோட்டைத் தாண்டினால் அடுத்ததைப் பார்க்க வெகுதூரம் நடக்க வேண்டும். ஓடை, குளத்துக்கு வரும் வாய்க்கால், தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாம் அந்த வெற்றிடத்துக்குள்தான் கிடக்கின்றன. 2000-இல் விண்கலத்திலிருந்து எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அது மீட்டர் கணக்கில் பிசகும். எங்களுக்கு வேண்டியதோ அரை மீட்டர் கான்டூர். சரி, நடந்தே எடுப்போம் என்று ஆட்டோ லெவலும் (கிடைமட்டமாகப் பார்த்து உயர வித்தியாசம் அளக்கும் கருவி) ஸ்டாஃபுமாக (அதில் பார்த்துப் படிக்கும் அளவுக்கோல்) இறங்கினோம்.

இரண்டாம் நாள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்தார். "தம்பி, தெக்க வரப்பு போட்டா தண்ணி நிக்காது. இங்கன வாட்டம் வடக்கலா இருக்கு" என்றார். எங்கள் கணக்குப்படி 150 மீட்டரில் தெற்கே 8 சென்டிமீட்டர் இறக்கம். "கருவி அப்படித்தான் காட்டுது, தாத்தா" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க அது மனசில் உறுத்தியது.

விடிந்ததும் 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்துக் கருவியைச் சோதித்தேன். நடுவில் வைத்துப் பார்த்தால் பிழை இருபுறமும் சமமாகிக் கழிந்துவிடும். அப்புறம் ஒரு முளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் முளைகளின் உயர வித்தியாசம் ஒன்றாக வர வேண்டும்; 6 சென்டிமீட்டர் மாறி வந்தது. கருவியின் பார்வைக்கோடு மேலே சாய்ந்திருக்கிறது, அதனால் தூரத்து இடம் உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரிந்திருக்கிறது! 150 மீட்டருக்கு அது 15 சென்டிமீட்டர். வடக்கு ஓரத்தில் கருவியை வைத்துத் தெற்குக் கோடிவரை கருவியை நகர்த்தாமல் படித்தது என் தவறு. நிலம் உண்மையில் வடக்கே 7 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

போய் அவரிடம் சொன்னேன். அன்று முழுவதும் கூடவே நடந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் பேர் இருந்தது: பள்ளப்பிஞ்சை, ஓடைப்பிஞ்சை, களர்மேடு. முதலில் பேரை எழுதிக்கொண்டு அப்புறம் லெவல் எடுத்தேன். பேர் சொன்ன பள்ளம் ஒவ்வொன்றும் ஸ்டாஃபில் பள்ளமாகவே வந்தது. வரைபடத்தில் அந்தப் பேர்களை அப்படியே போட்டேன்.

ஐப்பசி மழை முடிந்து நான் அங்கே போனபோது வடக்கு வரப்பை ஒட்டித் தண்ணீர் நின்றது. பெரியவர் ஆடுகளுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.