எடை குறைந்த ஃபிளைவீலுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

காரில் எடை குறைந்த ஃபிளைவீல் (எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கில் பூட்டும் சக்கரம்) பொருத்துவது பற்றி 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ், போல்ட் எல்லாம் அப்படியே இருக்கலாம், ஃபிளைவீலுக்கு மட்டும் தமிழ்ச் சொல் வேண்டும் என்கிறார்கள். 'சமன் சக்கரம்' என்று எழுதிக்கொண்டே போனேன். 7ஆம் பக்கத்தில் இடித்தது: "பொருத்துமுன் சமன் சக்கரத்தைச் சமன் செய்யவும்." எஞ்சினின் துடிப்பைச் சமன்படுத்துவது சக்கரம் செய்யும் வேலை. ஒரு பக்கம் மட்டும் கனக்காமல் பார்த்துக்கொள்வது சக்கரத்துக்கு நாம் செய்யும் வேலை. இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். 'கனச்சக்கரம்' போட்டுப் பார்த்தேன். அது 'எடை குறைந்த கனச்சக்கரம்' ஆகிவிட்டது. உதவுங்கள்.
ந.

---

ந. அம்மா,

பெயரை எடையில் வைக்காதீர்கள், அது செய்யும் வேலையில் வையுங்கள். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒருமுறை எரிபொருள் வெடிக்கிறது. மற்ற வீச்சுகளில் தண்டை இழுத்துக்கொண்டு போவது இந்தச் சக்கரம் வாங்கி வைத்திருக்கும் ஆற்றல். ஆகவே 'நிலைமச் சக்கரம்'. நிலைமம், அதாவது ஓடுவது ஓடிக்கொண்டே இருக்க முனையும் தன்மை, பள்ளி இயற்பியலில் படிக்காத பிள்ளை இல்லை.

இன்னொன்று. 'எடை குறைந்த' என்பதே பாதி உண்மைதான். சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். விளிம்பில் 1 கிலோ எடுப்பது, பாதி ஆரத்தில் 1 கிலோ எடுப்பதைப்போல் நான்கு மடங்கு பலன் தரும். ஒரே எடையுள்ள இரண்டு சக்கரங்கள் எஞ்சினில் வேறு வேறாக நடந்துகொள்ளலாம். எனவே 'தாழ்நிலைமச் சக்கரம்' என்பதே சரி.
செ.

---

சக்கரம் வடசொல். ஆழி, திகிரி, உருளை, கால் என்று நம்மிடம் இல்லாததா? 'கால்வல் நெடுந்தேர்' என்ற குறளில் கால் என்பது சக்கரம்தானே.

என் வாக்கு திகிரிக்கு. புறநானூறு 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்துக் கேட்கிறார்: "இருநிலம் திகிரியாப் பெருமலை மண்ணா வனைதல் ஒல்லுமோ நினக்கே." இறந்த சோழன் கிள்ளிவளவனை அடக்கம் செய்யத் தாழி வனைய இந்த நிலமே சக்கரமாக வேண்டும், மலையே மண்ணாக வேண்டும் என்பது பொருள். அங்கே திகிரி எது? குயவர் சக்கரம். கோலால் சுழற்றிவிட்டுக் கையை எடுத்த பிறகும் தன் கனத்தால் சுற்றிக்கொண்டே இருப்பது. செ. ஐயா சொன்ன நிலைமம் அதில் அப்படியே இருக்கிறது. பொருளும் நம்முடையது, சொல்லும் நம்முடையது. திரிதல் என்னும் வேரிலிருந்தே திகிரி வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. திரிகை, திருகு, திரும்பு எல்லாம் ஒரே குடும்பம். இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
இ.

---

இ. ஐயாவுக்கு வணக்கம். விளிம்பில்தான் விஷயம் என்று செ. ஐயா சொல்லிவிட்டதால் 'நேமி' என்பதையும் எண்ணிப் பாருங்கள். வடமொழியில் அதற்குச் சக்கரத்தின் விளிம்பு என்றே பொருள். வடசொல் என்று தள்ளிவிட வேண்டாம். முல்லைப்பாட்டின் தொடக்கத்திலேயே 'நேமியொடு வலம்புரி' வந்துவிட்டது.
மா.

---

பெரியவர்களுக்கு வணக்கம். நான் வண்டிக்கு அடியில் படுத்து இந்த வேலையைச் செய்பவன். திகிரி என்று எழுதினால் என்னிடம் வேலை பழகும் தம்பி ஃபோன் போட்டு, அது என்ன பார்ட் என்று கேட்பான். கையில் கிரீஸோடு அகராதி புரட்ட முடியாது.

எனக்குச் சொல்லைவிட முக்கியமாகப் படுவது வேறு. ந. அம்மா 'எடை குறைந்த' என்று எழுதுகிறார். சிலர் 'எடை குறைத்த' என்று எழுதுவார்கள். ஓர் எழுத்துதான் வேறு, ஆனால் பொருள் வேறு. குறைந்தது என்றால், எஃகிலோ அலுமினியத்திலோ முதலிலிருந்தே இலேசாகச் செய்தது. குறைத்தது என்றால், பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தை லேத்தில் போட்டுச் சீவியது. அளவு மீறிச் சீவிய வார்ப்பிரும்பு அதிவேகத்தில் வெடித்துச் சிதறினால் கியர்பாக்ஸின் கூட்டையும் கிழித்துக்கொண்டு வரும். கையேட்டில் இது மாறவே கூடாது.

அப்புறம், கிராங்கில் பூட்டும் போல்ட்டுகள் பல எஞ்சின்களில் முறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை. பழையதைத் திரும்பப் போடக்கூடாது. எதிரெதிராகப் படிப்படியாக முறுக்க வேண்டும். கிளட்ச் தட்டு உரசும் முகத்தில் விரல் எண்ணெய்கூட ஒட்டக்கூடாது, துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். மாட்டிய பிறகு வண்டியை எடுக்கும்போது முன்னைவிடச் சட்டென்று எஞ்சின் நின்றுபோகும், ஐடிலிங்கில் அதிர்வு கூடும். இதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
பா.

---

பா. தம்பி சொன்ன குறைந்த, குறைத்த வேறுபாடு தன்வினை, பிறவினை இலக்கணம்தான். இலக்கணம் உயிரைக் காக்கும் இடம் இது. ஆனால் தம்பி, 'பேருந்து' வந்தபோதும் புரியாது என்றுதான் சொன்னார்கள். எழுத எழுதத்தான் புரியும்.
இ.

---

புரியும் ஐயா, ஆனால் பேருந்து என்ற சொல் புரியாதவர் பேருந்தைத் தவறாகப் பூட்டிவிட மாட்டார்.
பா.

---

எல்லோருக்கும் நன்றி. நேரம் ஆகிவிட்டது. முதல் பக்கத்தில் 'நிலைமச் சக்கரம் எனப்படும் ஃபிளைவீல்' என்று ஒருமுறை அறிமுகம் செய்துவிட்டு, பிறகு முழுக்க 'நிலைமச் சக்கரம்' என்று போகிறேன். படங்களில் மட்டும் 'ஃபிளைவீல்' இருக்கும், வேலை செய்பவர் கண் அங்கேதான் போகும். 'தாழ்நிலைம' என்பதை விட்டுவிட்டேன், செ. ஐயா பொறுத்தருள வேண்டும். எங்கும் 'எடை குறைந்த'தான். சீவியதைப் பற்றிய எச்சரிக்கையில் மட்டும் 'எடை குறைத்த' வருகிறது, தடித்த எழுத்தில். 7ஆம் பக்கம் இப்போது இப்படி: "பொருத்துமுன் நிலைமச் சக்கரத்தைச் சமன் செய்யவும்." இடிக்கவில்லை.
ந.

---

நிலைமம் சரி அம்மா. சக்கரத்தை நான் ஏற்கவில்லை என்பதைக் குழுவின் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது 'நிலைமத் திகிரி' என்று மீண்டும் எழுதுவேன்.
இ.